தாயகம் போகிறவர்கள் கையில் நாலு நாள் கூடுதலாக வைத்திருங்கள்

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ யாழ்ப்பாணம் போகிற பெரும்பாலானோர் டுபாயிலோ டோஹாவிலோ விமானம் மாறித்தான் போகிறோம். சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். 2024 ஏப்ரல் 16 அன்று டுபாயில் கொட்டிய மழையில் ஓடுபாதைகளில் வெள்ளம் நின்றது. இரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பை மூடியது சில மணித்தியாலங்கள்தான், ஆனாலும் பயணிகள் நெடுநேரம் அல்லாடினார்கள். சென்னை வழியாகப் போகிறவர்களுக்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலுக்கும் விமான நிலையம் மூடப்பட்டது.

அதனால் கலியாணத்துக்கு முதல்நாள் போய் இறங்குகிற மாதிரி ரிக்கெற் போடாதீர்கள். மூன்று நாளாவது முன்னே போங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரிகாலம் என்பதால் இன்னும் கூட வையுங்கள்.

அடுத்தது, முழுப் பயணமும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். லண்டன் – சென்னை ஒரு ரிக்கெற், சென்னை – பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) வேறு ரிக்கெற் என்று மலிவுக்காகப் பிரித்து எடுப்பார்கள். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது போய்விடும். அதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வெளியே வந்தாக வேண்டும். பிரித்தானிய, கனேடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அதற்கு இந்திய விசா தேவை. பலாலிக்குப் போவது சிறிய ஏ.டி.ஆர் விமானம், பெரிய விமானத்தின் பொதியளவை அதில் எதிர்பார்க்கவும் முடியாது.

விமானம் பிந்தினால் வெறுமனே வரிசையில் நிற்காதீர்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ ஏறினால், நிறுவனம் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், அதன் தவறால் கொழும்புக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்தால் தலைக்கு 520 பவுண்ஸ் அல்லது 600 யூரோ கேட்கலாம். திரும்பி வரும்போது பிரித்தானிய, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மட்டுமே அந்தச் சட்டம் செல்லும். கனடாச் சட்டம் போக்கு, வரவு இரண்டுக்கும் உண்டு. புயல், வான்பரப்பு மூடல் என்றால் நட்டஈடு கிடைக்காது. ஆனால் ஐரோப்பிய, பிரித்தானியச் சட்டங்களின்படி சாப்பாடும் தங்குமிடமும் மாற்று விமானமும் அப்போதும் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏறும் சீட்டைப் படமெடுங்கள், சாப்பாட்டு ரசீதையும் எறியாதீர்கள்.

அம்மா அப்பாவின் பிரஷர், சீனி மருந்துகள் ஒரு வாரத்துக்குக் காணுமளவு கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது, கீழே சரக்கறைக் குளிரில் அது உறைந்து பழுதாகலாம்.

இனி, நாங்கள் பேசாமல் விடுகிற ஒரு விடயம். லண்டன் – கொழும்பு போய்வர ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ ஒரு தொன் கரியமில வாயு வெளியாகிறது. சராசரி இலங்கையர் ஒருவர் ஆண்டு முழுக்க வெளியிடுவதே ஏறத்தாழ அவ்வளவுதான். விமானம் விட்டுச் செல்லும் வெண்புகைத் தடங்களும் பூமியைச் சூடாக்குகின்றன. சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை வந்தால் கொட்டித் தீர்க்கும். 2025 நவம்பரில் டித்வா புயலில் அழிந்தது எங்கள் சொந்தங்களின் வீடும் வயலும்தான். செத்தவீட்டுக்குப் போக யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். பெற்றோரைப் பார்க்கப் போகாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு தரம் பத்துப் பத்து நாள் போய்வருவதை விட, ஒரு தரம் போய் ஒரு மாதம் நிற்பது மேல். நல்லூர்த் திருவிழா 25 நாள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் மட்டும் ஓடிப்போய் ஓடிவருவானேன்? நின்று வருகிறவருக்கு இரண்டு நாள் தாமதம் பெரிதாகத் தெரியாது. வணிக வகுப்பு இருக்கைக்கு வெளியீடு மூன்று மடங்கு வரை போகும், அதைத் தவிர்க்கலாம். கொழும்பிலிருந்து தனி வான் பிடிக்காமல் ரயிலில் போங்கள்.

திரும்பும்போது விமானத்துக்கு முதல்நாளே நீர்கொழும்பில் வந்து தங்குங்கள். புத்தளம் வீதியால் வந்தால் கொழும்புக்குள் போகாமலே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்துவிடலாம். மாரியில் அந்தப் பாதையிலும் வெள்ளம் மேவுவதுண்டு, விசாரித்துக்கொண்டு வெளிக்கிடுங்கள்.