நாளை வேலைக்கு எத்தனை பேர் வருவார்கள்? ஒரு தாளில் போடும் கணக்கு

ஒரு நாட்டில் 15, 20 வருடம் கழித்து வேலைக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட வரும் என் மாணவர்களை, மொத்த மக்கள்தொகைப் பக்கமே போகவிட மாட்டேன். பிறப்புக் கணக்கை எடுங்கள் என்பேன். 2038-இல் 20 வயதைத் தொடப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்தாயிற்று. எண்ண வேண்டியதுதான் பாக்கி.

பழகுவதற்கு ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் வேலை வயதுக்குள் வருகிறவர்கள், வலப்பக்கம் அதைத் தாண்டிப் போகிறவர்கள். 2038-இல் 20 வயதாகிறவர்கள் 2018-இல் பிறந்தவர்கள், சுமார் 9.2 லட்சம். அதே வருடம் 65-ஐத் தொடுகிறவர்கள் 1973-இல் பிறந்தவர்கள், சுமார் 20.9 லட்சம். நடுவில் இறந்தவர்களைக் கழித்தாலும், ஒருவர் வந்தால் ஏறக்குறைய இருவர் போகிறார்கள். இப்படியே வருடவாரியாக எழுதிக்கொண்டு போங்கள்.

திடீரென்று ஒரு பள்ளம் தெரிந்தால் பிழை என்று அடித்துவிடாதீர்கள். 1965-இல் 18.2 லட்சம் பிறப்பு, 1966-இல் 13.6 லட்சம், மறுவருடம் 19.4 லட்சம். 1966 ஜப்பானியப் பஞ்சாங்கப்படி 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை, நம்மூரில் மூல நட்சத்திரப் பெண்ணை மாமனாருக்கு ஆகாது என்பதைப் போல. அந்தப் பள்ளம் 2031-இல் வலப்பக்கத்துக்கு வந்து சேரும்.

சரி, தலைகளை எண்ணியாயிற்று. இதோடு நிறுத்தினால் கணக்கு தப்பிப்போகும். ஜப்பானில் 15 முதல் 64 வயதினர் 1995-இல் 8.7 கோடி, 2023-இல் 7.4 கோடி. ஆனால் 2012-ஐவிட 2023-இல் தொழிலாளர் எண்ணிக்கை அதிகம்! பெண்கள் நிறையப் பேர் வேலைக்கு வந்தார்கள். 65 தாண்டியவர்களில் நான்கில் ஒருவர் இன்னும் உழைக்கிறார். அதனால் ஒவ்வொரு வயதுப் பிரிவையும் ஆண், பெண் என்று பிரித்து, அவர்களில் எத்தனை சதவீதம் வேலைக்கு வருகிறார்கள் என்பதால் பெருக்குங்கள். அப்புறம் வேலை நேரத்தையும் பாருங்கள். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களில் பாதிக்கு மேல் பகுதிநேரம், தற்காலிகம் போன்ற வேலைகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு முழுநேர வேலையும் குழந்தைக் காப்பகமும் கிடைக்குமா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஏற்கெனவே வேலைக்கு வந்துவிட்டவரை இன்னொரு முறை கூட்ட முடியாதே.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைக் கடைசியில், பென்சிலில் எழுதுங்கள். 2008-இல் 5 லட்சத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் 2023-இல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். விசா விதி ஒன்று மாறினால் இந்த எண்ணும் மாறும். கோட்டின் இருபக்கமும் எழுதிய பிறப்பு எண்கள் மாறாது.