கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பறவை பார்ப்பது எப்படி?

பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பகுதியில் இருப்பவர்கள் பறவை பார்க்கும் பயிற்சியைச் செம்பனைத் தோட்டத்திலேயே தொடங்கலாம். மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிக நோக்கில் 1917-இல் நடப்பட்டது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் என்பதால், இவ்வட்டாரப் பறவைகளுக்கு இம்மரம் நூறாண்டுக்கும் மேலாகப் பழக்கமானது. மட்டை நுனிகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளையும், மறுநடவு செய்த இளங்கன்றுப் பகுதியின் மேல் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்று எலியைத் தேடும் கருந்தோள் பருந்தையும் காலையில் தேடிப் பாருங்கள். எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகக் கம்பத்தின் மேல் கூகை என்னும் ஆந்தை கூடுகட்ட வைக்கப்பட்ட பெட்டிகளைத் தட்டவோ திறக்கவோ கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் இறக்கக்கூடும் என்பதால், கூகை குடியிருக்கும் தோட்டத்தில் எலிவிஷத்தைத் தவிர்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. தோட்டத்துக்குள் நுழையுமுன் ஆபிசில் அனுமதி பெறுங்கள். வெட்டிய மட்டைக் குவியல்களில் பாம்பு இருக்கலாம், அவற்றின் மேல் கால் வைக்காதீர்கள்.

அடுத்து கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குச் செல்லலாம். சைபீரியா போன்ற வடநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு ஆஸ்திரேலியா வரை செல்லும் கரைப்பறவைகள், செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இக்கரையின் சேற்றுவெளிகளில் இரை தேடித் தங்குகின்றன. அவற்றைக் காண்பதற்குக் கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்ற வற்றமே முக்கியம். நீர் வற்றியிருக்கும்போது உள்ளான்களும் பவளக்காலிகளும் நெடுந்தொலைவில் சிதறி மேய்வதால் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, அவை கரையை நோக்கித் திரண்டு வரும். ஆகவே ஏற்றம் உச்சமடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடித்து அமர்ந்துவிட வேண்டும். நீர் மிக உயர்வது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னர் என்பதால், வீட்டுச் சுவரிலுள்ள தமிழ் நாட்காட்டியே நாளைத் தேர்ந்தெடுக்கப் போதும். தீபாவளியை ஒட்டிய அமாவாசையும் தைப்பூசப் பௌர்ணமியும் வலசைக் காலத்திற்குள்ளேயே வருகின்றன. அவ்விடுமுறைகளைக் குழந்தைகளுடன் இதற்குப் பயன்படுத்தலாம். சரியான நேரத்தை மட்டும் அன்றைய ஏற்ற வற்ற அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் 8×42 அளவில் இருந்தால் தொடக்கநிலையினருக்குப் போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், கையும் அதிகம் நடுங்காது. மங்கிய நிற முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, குடிநீர் ஆகியவை கட்டாயம். அலையாத்திக் காட்டை ஒட்டிய பாதையில் வெண்மார்புக் கானாங்கோழியும் மீன்கொத்திகளும் தென்படும். நடையை நிறுத்தி நின்றால்தான் அவை வெளியே வரும்.

பக்கத்திலுள்ள புக்கிட் மெலாவத்தி குன்றில் வெள்ளி லங்கூர் குரங்குகள் மக்களருகே வந்து அமரும். அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். இலைகளைச் செரிக்கவே அமைந்த வயிறு அவற்றினுடையது. அதனால் ரொட்டியோ பழமோ கொடுக்காமல், படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.