எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் டேங்கைத் திறந்து பாருங்கள்: படகு டீசல் டேங்க், ஹீட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பத்து மாவுங்கில் இருந்து ஜெரஜாக் தீவைச் சுற்றிப் படகில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது. கரையில் கட்டிப்போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை, அலை கொஞ்சம் தூக்கிப் போட்டால்தான் இந்தக் கூத்து. போர்மேன் (மெக்கானிக்) வந்தார், இன்ஜெக்டரைக் கழற்றினார், பம்ப்பைக் கழற்றினார், நானும் ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்தேன், மறுவாரம் அதே இடத்தில் அதே இருமல். கடைசியில் டேங்கைத் திறந்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புக் கஞ்சி. படகு ஆடினால் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும், நின்றால் அடங்கிவிடும். கரையில் ஓட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கஞ்சிக்கு மூலம் தண்ணீர்தான். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.84 கிலோ, தண்ணீர் அதைவிடக் கனம், அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடித்தனம் நடத்தும், நம்ம ஊர் சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும். உடனே எல்லாரும் டீசல் விற்றவனைத் திட்டுவார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது டெக்கில் டீசல் ஊற்றும் மூடியின் ஓ-ரிங்கை. சில காசு பெறும் ரப்பர்தான், வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், ஒரு சாயங்கால மழை போதும். அப்புறம் டேங்க் மூச்சு விடும் காற்றுக் குழாய். அதைப் படகின் பக்கவாட்டில் தாழ்வாகப் பொருத்தினால் படகு சாயும்போது கடலே உள்ளே வரும். நல்ல உயரத்துக்கு ஏற்றி, அன்னத்தின் கழுத்து மாதிரி வளைத்து இறக்குங்கள். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் கட்டிப்போடுவதும் தப்பு. காலியான பாகத்துச் சுவரில் ராத்திரி ஈரம் வேர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேரும். நிரப்பி வையுங்கள், கழுத்து வரை வேண்டாம், வெயிலில் டீசல் விரிய இடம் வேண்டும்.

இன்னொன்று நம்ம மலேசியாவில் கவனிக்க வேண்டியது. 2019 முதல் பெரும்பாலான இடங்களில் பம்பில் வரும் டீசலில் பத்து சதவீதம் வரை பாமாயிலில் இருந்து செய்த பயோடீசல் இருக்கும். அது ஈரத்தைச் சாதாரண டீசலைவிடக் கூடுதலாக இழுக்கும், பழைய டேங்கில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்தும் விடும். ரொம்ப நாள் சும்மா கிடந்த படகை வாங்கிப் புது டீசல் ஊற்றியதும் ஃபில்டர் வரிசையாக அடைபடுவதைப் பார்த்து யாரோ மட்டமான டீசலை ஊற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் சில பயணத்துக்கு இரண்டு மூன்று ஃபில்டர் கூடவே இருக்கட்டும். பழைய ரப்பர் ஹோஸையும் பயோடீசல் ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும். ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரண ஹோஸை மாட்டி மிச்சம் பிடிக்காதீர்கள். ஐஎஸ்ஓ 7840 என்ற சர்வதேசத் தர எண் அச்சடித்திருக்கும் ஹோஸ் நெருப்புக்கு உள்ளேயே இரண்டரை நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று சோதித்தது. எஞ்சின் அறையில் தீ வந்தால் அந்த இரண்டரை நிமிஷத்தின் அருமை தெரியும்.

புதிதாக டேங்க் மாட்டுகிறவர்களுக்கு: உள்ளே துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம், டீசலோடு சேராது. அலுமினிய டேங்க் நல்லதுதான், ஆனால் அதை ஈரப் பலகையிலோ கார்ப்பெட்டிலோ அப்படியே உட்கார வைத்தால் உப்புத் தண்ணீர் அடியில் தேங்கி, வெளியில் இருந்து உள்ளே அரித்துக்கொண்டு போகும், மேலே பளபளவென்று இருக்கும். ஈரம் உறிஞ்சாத பட்டைகளை டேங்கிலேயே ஒட்டித் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். டீசலை இழுக்கும் குழாய் அடியைத் தொடக்கூடாது, ஒரு விரல் அளவாவது மேலே நிற்க வேண்டும். இரண்டு டேங்க் இருந்தால், எதிலிருந்து எடுக்கிறீர்களோ அதற்கே எஞ்சின் திருப்பி அனுப்பும் டீசலும் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று காலியாக மற்றது வழியும்.

கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இல்லாத டேங்கை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அலை அடங்க உள்ளே தடுப்புத் தகடு வைத்திருந்தால் ஒவ்வொரு அறைக்கும் தனித் திறப்பு வேண்டும். நான் பட்டது போதும்.

எஞ்சின் நின்றுபோனால் எதையும் கழற்றுவதற்கு முன் டீசல் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் காற்றுக் குழாய்தான் அடைத்திருக்கிறது. நம்ம ஊரில் குளவி மண் கூடு கட்டியிருக்கும், ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் வேலை முடிந்தது. சரியாகவில்லையா, ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, தனி ஹோஸ் போட்டு எஞ்சினை அதிலிருந்து ஓட்டுங்கள். எடுக்கும் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டுமே கேனுக்குள் இருக்கட்டும். இப்போது ஒழுங்காக ஓடினால் எஞ்சின்மேல் குற்றம் இல்லை, டேங்க்கும் அதிலிருந்து வரும் வழியும்தான். அந்த வழியில் ஓர் அடி கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாகச் செருகிப் பாருங்கள், குமிழி ஓடினால் எங்கோ ஒரு கிளிப் லூசு. உள்ளே இழுக்கும் குழாயில் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் துணியால் துடைத்துப் பார்த்து “கசிவே இல்லையே” என்று ஏமாறுகிறோம்.

சரி, படகு அறையைச் சூடாக்கும் டீசல் ஹீட்டர். கொடிமலையிலேயே (பினாங்கு ஹில்) ஸ்வெட்டர் தேவைப்படாத ஊரில் ஹீட்டரா என்று சிரிக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் இருந்து வந்து இங்கேயும் லங்காவியிலும் கைமாறும் படகுகளில் சீட்டுக்கு அடியில் வெபாஸ்டோ, எபர்ஸ்பாக்கர் கம்பெனி ஹீட்டர் ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கலாம். மெல்பர்னில் படகு வைத்திருக்கும் என் மச்சான் ஒவ்வொரு ஜூலையிலும் போன் போடுவான், “ஹீட்டர் பற்றமாட்டேங்குது மாப்ள” என்று. போன தடவை பற்றவைக்கும் பிளக்கை இரண்டு முறை மாற்றியிருக்கிறான், பற்றவைக்கும் நேரத்தில் ஹீட்டர் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. மெல்லிய வயர். பிளக் சூடாகும்போது கரண்டை நிறைய இழுக்கும், வயரிலேயே வோல்ட் விழுந்துவிடும்.

ஹீட்டருக்கு டீசலை எஞ்சின் லைனில் இருந்து கிளை போட்டு எடுக்காதீர்கள், டேங்கின் மேலே அதற்கென்று தனிக் குழாய் போடுங்கள். அதன் பம்ப் டிக் டிக்கென்று துளி கணக்கில்தான் தள்ளும், அகலமான ஹோஸ் போட்டால் குமிழி தேங்கித் தீ அணையும். பம்ப்பின் வெளி முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மணிக்கணக்கில் சிம்மில் ஓட்டினால் உள்ளே கரி பிடிக்கும், அவ்வப்போது முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். நிறுத்தும்போது மெயின் சுவிட்சைத் தட்டாதீர்கள், ஃபேன் ஓடிச் சூடு ஆறட்டும். புகைக் குழாய் மூட்டு கசிந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும், வாசனையே இருக்காது. தூங்கும் இடத்தில் அதற்கான அலாரம் இல்லாமல் ஹீட்டரைப் போடவே கூடாது.

பினாங்கில் இது வேண்டாம் என்று கழற்றி எறிகிறவர்கள் டேங்க் மேலே அந்தக் குழாய் இருந்த இடத்தை அடைக்க மறப்பார்கள், வெளியே புகை போன ஓட்டையையும் மறப்பார்கள். அந்த ஓட்டை தண்ணீர்க் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். சாமான் நிறைய ஏற்றிப் படகு தாழ்ந்த அன்றைக்கு அது கடலுக்குள் போய்விடும்.