30 மில்லிமீட்டர் சுவரில் 2,600 லிட்டர்: மழைநீர்த் தொட்டியை நாமே கட்டலாம்

திருத்துறைப்பூண்டியைத் தாண்டிக் கடல் பக்கம் போகப் போக ஆழ்குழாய்த் தண்ணீர் கரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து கொட்டுவதோ நல்ல தண்ணீர். அதைப் பிடித்து வைக்க எங்கள் கொல்லையில் கட்டிய ஃபெரோசிமென்ட் தொட்டியின், அதாவது கம்பிவலைக் கூட்டில் சிமென்ட் கலவை பூசிக் கட்டும் தொட்டியின் செய்முறை இது. குறுக்களவு 1.5 மீட்டர், உயரமும் 1.5 மீட்டர். 100 மி.மீ. மழை பெய்தால் 30 சதுர மீட்டர் கூரைத் தண்ணீரிலேயே கிட்டத்தட்ட நிறைந்துவிடும். கலவை போடவும் கரணை பிடிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு மெல்லிய சுவர் தாங்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறைந்த தொட்டியின் அடியில் நீரழுத்தம் சதுர மீட்டருக்கு 1.5 டன். அதை ஆரத்தால் (0.75) பெருக்கிச் சுவர்த் தடிமனால் (0.03) வகுத்தால், சுவரைச் சுற்றிலும் இழுக்கும் விசை சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவுக்கும் குறைவு. நன்றாக இறுகிய 1:2 கலவை, வலை இல்லாமலேயே இதைப்போல் சில மடங்கு தாங்கும். இதே தடிமனில் சதுரத் தொட்டி கட்டினால், தட்டைச் சுவர் வளையும்போது ஏற்படும் இழுவிசை இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் போகும். நம் பழைய வீடுகளில் நெல் சேமித்த சதுரப் பத்தாயத்துக்குக் கனமான பலகை தேவைப்பட்டது. வட்டக் குதிருக்கு மண்சுவரே போதுமாக இருந்தது. 1848இல் தெற்கு பிரான்சில் லாம்போ என்பவர் கம்பிவலையில் சிமென்ட் பூசிப் படகே கட்டிவிட்டார்.

முதலில் அடித்தளம். டெல்டாவின் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் நேரடியாகக் கான்கிரீட் போடாதீர்கள். ஓர் அடி ஆழம் தோண்டி, மணல் நிரப்பித் தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்துங்கள். அதன்மேல் 1.8 மீட்டர் குறுக்களவில் 10 செ.மீ. கான்கிரீட், நடுவில் வெல்டுமெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த வலை). கான்கிரீட் போடும் முன்பே 6 மி.மீ. கம்பிகளைக் கோணமாக மடித்து, ஒரு கை அடித்தளத்திலும் மறு கை சுவரிலும் வரும்படி, சுவர் வட்டத்தில் 20 செ.மீ.க்கு ஒன்றாகக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கையும் 40 செ.மீ. இருக்கட்டும்.

அடுத்து கூடு. 3 மி.மீ. வெல்டுமெஷ்ஷை வட்டமாக வளைத்து, முனைகள் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற, அந்தக் கம்பிகளோடு கட்டுக்கம்பியால் கட்டுங்கள். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று கோழிவலை. அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய அறுகோண வலையை மட்டுமே நான் பரிந்துரைப்பேன். வளைவில் அது படிவதுபோல் வேறு எதுவும் படிவதில்லை. பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம். குழாயையும் இப்போதே பொருத்திவிடுங்கள். இழுவிசையில் இருக்கும் தகட்டில் சிறு வட்டத் துளை போட்டால் அதன் ஓரத்தில் இழுவிசை 3 மடங்காகும். அதனால் குழாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கூடுதல் வலை வையுங்கள். பிறகு துளைத்துக்கொள்ளலாம் என்று கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இனி, பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம்: சுவரும் தரையும் சேரும் மூலை. கசியும் தொட்டிகளில் பெரும்பாலும் கசிவது இங்கேதான். தண்ணீர் நிறைந்ததும் சுவர் வெளியே விரியப் பார்க்கிறது. அடியில் தரை அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சுவர் வளைகிறது. மெல்லிய சுவருக்கு இழுவிசை பொருட்டில்லை, வளைவுதான் ஆகாது. நல்லவேளையாக இந்த வளைவு மேலே பரவுவதில்லை. ஆரம், தடிமன் இரண்டின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலம் நம் தொட்டிக்கு 15 செ.மீ.; அதைப்போல் இரண்டரை மடங்கு உயரத்துக்குள் வளைவு அடங்கிவிடும். அதாவது அடியிலிருந்து ஒரு முழத்துக்குள்.

ஆகவே அந்த ஒரு முழத்துக்கு உள்ளும் புறமும் இன்னொரு சுற்றுக் கோழிவலை கட்டுங்கள். சுவர் உட்காரும் இடத்தில் கான்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவி, சிமென்ட் பால் தடவிய ஈரம் காய்வதற்குள் கலவையை வையுங்கள். சுவர் முடிந்ததும் உள்மூலையில் நான்கு விரல் அகலத்துக்கு வளைவாகக் கலவை வைத்துத் தேயுங்கள். செங்கோண மூலை எங்கும் மிஞ்சக் கூடாது.

கலவை: சிமென்ட் ஒன்று, சலித்த மணல் இரண்டு. மூட்டைக்கு 20 முதல் 22 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். சுவருக்கு மட்டும் நான்கு மூட்டை கையில் இருக்கட்டும். பூசும்போது ஒருவர் உள்ளே பலகையை அணைத்துப் பிடிக்க, மற்றவர் வெளியிலிருந்து கரணையால் அழுத்த வேண்டும். வீசி அடிக்கக் கூடாது. சரியாக அழுத்தினால் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் கலவை இடியாப்பம்போல் மறுபக்கம் பிதுங்கும். பிதுங்காத இடம் பொள்ளல்; அங்கே மறுபடி அழுத்துங்கள். பிறகு உள்பக்கத்தையும் பூசி, வலைக்கு மேல் 5 மி.மீ. மூடியிருக்கும்படி மணியாசுக்கட்டையால் தேய்த்து முடியுங்கள். ஒரே நாளில் முழுச் சுவரும் முடிய வேண்டும்.

மறுநாளிலிருந்து ஈரச்சாக்கு சுற்றி, குறைந்தது 14 நாட்கள் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் கட்டுவது நல்லது. சித்திரைக் காற்றில் மெல்லிய சுவர் மளமளவென்று உலர்ந்து மயிரிழை வெடிப்பு விடும். தண்ணீரையும் ஒரே மூச்சில் நிரப்பாமல் நாளுக்குக் கால் பங்காக ஏற்றுங்கள்.

பின்னர் சேர்த்தது: வேதாரண்யம் பக்கத்து வாசகர் ஒருவர், பக்கத்தில் கிடைக்கும் கடல் மணலைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. வலைக்கு மேல் இருப்பது 5 மி.மீ. கலவைதான், உப்பு உள்ளே இருந்தால் வலை துருப்பிடித்துப் பூச்சைப் பிளந்துவிடும். கொள்ளிடத்து மணல் கிடைக்காவிட்டால் பூச்சுக்கான எம்-சாண்டை (பாறையை உடைத்துச் செய்யும் மணலை) வாங்குங்கள். கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரும் இதே கேட்டைச் செய்யும். கலவைக்கும் சாக்கு நனைக்கவும் குளத்து நீரையோ வாய்க்கால் நீரையோ தெளியவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.