குட்டைக் குதிரை இனப்பெருக்கம் தொடங்கலாமா? முடிவெடுக்கும் முன் ஐந்து படிகள்

பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பார்த்துப் பழகியவர்கள், மினியேச்சர் குதிரை எனப்படும் குட்டைக் குதிரையை முதன்முறையாகக் காணும்போது அதைக் குட்டி என்றே நினைத்துவிடுகிறார்கள். அது முழுவளர்ச்சி அடைந்த குதிரைதான். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரி மயிரின் கடைசி முடி முளைக்கும் இடத்திலிருந்து தரைவரை அளந்தால் உயரம் 34 அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. செபராங் பிறையில் எங்கள் குடும்ப நிலத்தில் இத்தகைய குதிரைகளைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருவதால், ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி வாங்கிக் குட்டிகளை விற்கலாமா என்று கேட்டு நண்பர்கள் வருவதுண்டு. அவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளை, கேட்கும் வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

முதற்படி: குட்டியை வாங்கப்போவது யார்?

சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க மேலும் நான்கிலிருந்து ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே இன்று இணைசேர்த்தால், முதல் பணம் கைக்கு வர ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் கிடைக்காது. பிறப்பவற்றில் பாதி ஆணாக இருக்கும் என்பதையும், காயடிக்காத ஆண் குதிரையைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்ல மனத்தோடு விற்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கக்கூடிய மூவரின் பெயரை ஒரு தாளில் எழுதி, அவர்களிடம் முன்பணம் கேட்டுப் பாருங்கள். "பிறந்தால் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்பவரை அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். விற்காத குட்டி இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உங்களோடுதான் இருக்கும்.

இரண்டாம் படி: இடமும் தீனியும்

நிலத்தில் குதிரை வைத்துக்கொள்ளலாமா என்பதை உள்ளூராட்சி மன்றத்திடமும் மாநிலக் கால்நடைச் சேவைத் துறையிடமும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். நிழல், காற்றோட்டம், மழைநீர் தேங்காத தரை ஆகிய மூன்றும் அவசியம். நம் ஈரப்பதத்தில் குளம்பு அழுகுவதும், சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோவதும் புதிதல்ல. சிறு கடிப்பூச்சிகளைத் தடுக்க மெல்லிய கண்ணுள்ள வலையும் தேவை. 2020இல் திரங்கானுவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புவது அந்தப் பூச்சிதான்.

தீனி விஷயத்தில் நம்மவர்கள் தவறு செய்வது அன்பினால்தான். குதிரை என்றாலே கொள்ளு என்று சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு; தோட்டத்தில் மாடு வளர்த்த கை தானாகவே தவிட்டை அள்ளும். என் பெரியப்பாவும் அப்படித்தான், "பாவம் தம்பி, எவ்வளவு சின்ன வயிறு!" என்று சொல்லி, எங்கள் முதல் பெட்டைக்கு நாள்தோறும் ஒரு டின் கூடுதலாக வைத்துவந்தார். ஒரு நாள் காலையில் அது முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி, உடல் பாரத்தையெல்லாம் பின்னே சாய்த்து, மணல் குவித்த மூலையைவிட்டு நகர மறுத்து நின்றது. குளம்பைத் தொட்டபோது சூடாக இருந்தது. அது குளம்பு அழற்சி. தேறுவதற்கு மாதங்கள் ஆயின.

தொண்ணூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உலர்புல் போதும். நேப்பியர் புல்லை மட்டுமே வெட்டிப் போடுவதும் சரியன்று. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால், காலப்போக்கில் எலும்பு பலவீனமடைந்து முகவெலும்பு வீங்கும். பாஸ்பரஸ் மிகுந்த தவிடு அதை இன்னும் மோசமாக்கும். அதே நேரத்தில், பருத்த சினைப்பெட்டையைத் திடீரென்று பட்டினி போடவும் கூடாது. இந்த இனத்தில் ஓரிரு நாள் தீனி நின்றாலே இரத்தத்தில் கொழுப்பு பெருகிக் கல்லீரல் செயலிழக்கக்கூடும்.

மூன்றாம் படி: மரபணுச் சோதனை

இந்த இனத்தில் குள்ளத்தன்மை என்னும் பிறவிக் குறை உண்டு. புடைத்த நெற்றி, பொருந்தாத தாடை, வளைந்த கால்கள் ஆகியவற்றோடு பிறக்கும் அத்தகைய குட்டி வாழ்நாள் முழுவதும் வலியோடு இருக்கும். சில வகைகளில் கரு பிறக்கும் முன்பே கலைந்துவிடும். ஏ-கேன் (ACAN) என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்ட வகைகளுக்குச் சோதனை இருக்கிறது. மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் குதிரை பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி பாதிக்கப்பட வாய்ப்புண்டு. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மரபியல் ஆய்வகம் போன்ற இடத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம். இந்த முடிவைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

நான்காம் படி: ஈனும் இரவுக்கு யார் வருவார்?

பெரும்பாலோரின் முடிவு இந்தப் படியில்தான் தெரிந்துவிடும். குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்த பிறகு இருபது முதல் முப்பது நிமிடங்களுக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். தாமதமானால் குட்டியும் சில சமயம் தாயும் போய்விடும். குட்டைக் குதிரையில் தாயின் இடுப்பெலும்பு சிறியது, குட்டியின் தலையோ உடலுக்கு ஒப்பிடும்போது பெரியது; எனவே பெரிய குதிரைகளைவிட இவற்றுக்குச் சிக்கலான ஈற்று அதிகம்.

முதலில் வெண்மையான சவ்வும் அதற்குள் இரண்டு முன்னங்குளம்புகளும், ஒன்று சற்று முன்னும் மற்றொன்று சற்றுப் பின்னுமாகத் தெரிய வேண்டும். அவற்றின் மேல் மூக்கு படிந்திருக்கும். வெண்மைக்குப் பதிலாகச் சிவந்த, வெல்வெட் போன்ற பை தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சுக்காற்று போகவில்லை என்று பொருள். அதை அங்கேயே வெட்டித் திறந்து குட்டியை வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. பிறந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கவும், இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழவும் வேண்டும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். செபராங் பிறையின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து, கோலாலம்பூரை அடுத்த செர்டாங்கிலுள்ள பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கோலாலம்பூர்வாசிகளுக்கு இந்தக் கவலை குறைவு. நம் பக்கத்தில் இருப்பவர்கள், குதிரை பார்க்கும் மருத்துவர் ஒருவரைப் பகலில் நேரில் சந்தித்து, "இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வருவீர்கள், டாக்டர்?" என்று கேட்டு, அந்த எண்ணிக்கையை எழுதிக்கொள்ள வேண்டும். அது முப்பதைத் தாண்டினால், ஈனும் காலத்தில் பல வாரங்கள் தொழுவத்திலேயே படுத்துறங்கக்கூடிய, ஈற்றுக்குக் கை கொடுத்துப் பழகிய ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா என்பதே அடுத்த கேள்வி.

ஐந்தாம் படி: பொலிகுதிரைக்கு முன் இரண்டு ஆண்டு

நான்கு படிகளையும் தாண்டி வந்தவர்களும் உடனே பொலிகுதிரை, அதாவது இணைசேர்க்க வைத்திருக்கும் ஆண் குதிரை, வாங்க வேண்டாம். பினாங்கில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால், குளிர்நாட்டுப் பெட்டைகளுக்குக் கிடைக்கும் ஓய்வுப்பருவம் இங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். வேலி ஒருநாள் தளர்ந்தால் போதும். காயடித்த இரண்டு குதிரைகளை வாங்குங்கள். குதிரை தனியே வாழும் விலங்கன்று என்பதால் ஒன்று போதாது. இரண்டு மழைக்காலங்கள் அவற்றை வளர்த்து, ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவிவிட்டு, பல், குடற்புழு, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் ஆன செலவை ஒரே நோட்டில் எழுதிவாருங்கள். அந்தத் தொகையையும் ஒரு குட்டிக்கு வந்த முன்பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள். பொலிகுதிரையைப் பற்றி அப்போது பேசலாம்.