கட்டளை வரிக் கருவிக்கு நிலைச் செய்தி எழுதும்போது

கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து, இயக்கும் ஒரு கருவியின் நிலைச் செய்தி, வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதையும், பயனர் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதையும் ஒருசேரச் சொல்ல வேண்டும். தரமணியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் இரவில் காப்புநகல் எடுக்கும் சிறு கருவி ஒன்று, முன்பு "செயலாக்கம் நடைபெறுகிறது" என்று மட்டுமே காட்டியதால், அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதே இரவுப் பணியில் இருப்பவருக்குத் தெரியாது. இப்போது அது, "412 கோப்புகளில் 180 நகலாகிவிட்டன. வட்டில் இடம் போதவில்லை. பழைய நகல்களை நீக்கிவிட்டு மீண்டும் இயக்கினால், 181ஆவது கோப்பிலிருந்து தொடரும்" என்கிறது. செய்தி நீண்டுவிட்டதே என்று யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் நிலை காட்டும் கட்டளையும், கோப்புகளின் நிலையோடு அடுத்து இட வேண்டிய கட்டளையைக் குறிப்பாகத் தருகிறது.

தமிழில் செய்தி தருவதானால், "1 கோப்புகள் நகலாயின" என்று வந்து கண்ணை உறுத்தாதபடி, செய்திகளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் (gettext) கருவி தரும் ஒருமை பன்மை வசதியைப் பயன்படுத்துங்கள்.

முன்னேற்றச் செய்திகளை வழக்கமான வெளியீட்டில் கலக்காமல், இணையத்திலிருந்து தரவைப் பெறும் கர்ல் (curl) கருவி செய்வதைப் போல, பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டுக்கு (stderr) அனுப்பினால், வெளியீட்டை வேறொரு நிரலுக்குக் கடத்தும்போது தரவு கெடாது. தோல்வி நேர்ந்தால், செய்தியோடு நின்றுவிடாமல் சுழியம் அல்லாத வெளியேற்றக் குறியீட்டையும் (கருவி முடியும்போது தரும் எண்) தர வேண்டும்; ஏனெனில், கட்டளைகளைத் தானாக இயக்கும் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன.