ஒரு வீடு, ஒரு முற்றம்: சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

எங்கள் முதல் பயணத்தில் ஒரு கொப்பி இருந்தது. போக வேண்டிய வீடுகளைக் கணவர் அதில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 28 வீடுகள். ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் போயிருந்தோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றே முக்கால். காலையில் ஒரு வீடு, மத்தியானச் சாப்பாடு இன்னொரு வீட்டில், பின்னேரம் இரண்டு வீடு. எங்கே போனாலும் சோடா, கேக், "என்னை ஆரெண்டு தெரியுமோ?" என்ற கேள்வி. பத்தாம் நாள் மகள் வானில் ஏற மறுத்துப் படலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மம்மாவோடு நிற்கப் போகிறேன் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அம்மம்மாவைப் பார்க்கத்தானே அவளை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தோம்!

அடுத்த முறை கொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். ஒரே வீட்டில் நின்றோம். முதல் ஞாயிறு பின்னேரம் நாலு மணியிலிருந்து எல்லோரும் இங்கே வாருங்கள் என்று முன்கூட்டியே போனில் சொல்லி, ரோல்ஸும் தேத்தண்ணியும் ஒழுங்கு செய்தோம். நாற்பது பேர் வந்தார்கள். பிள்ளைகள் தங்கள் முற்றத்தில் ஓடி விளையாடினார்கள், விரும்பினால் கிட்ட வந்து கதைத்தார்கள், களைத்தால் உள்ளே போய்ப் படுத்தார்கள். யாரும் கோபிக்கவில்லை. வர முடியாத வயதானவர்களையும், செத்தவீடு நடந்த வீடுகளையும் மட்டும் நாங்கள் தேடிப் போனோம். துக்கம் விசாரிக்க நாம்தான் போக வேண்டும், அவர்களை வரச் சொல்ல முடியாது. அதற்குக் காலையில் பெரியவர்களில் ஒருவர் போய் வந்தால் போதும். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் செய்தாலே பாதி விடுமுறை பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடும்.

எந்த மாதம் போவது? ஆடி, ஆவணியில் வெயில் கடுமை. ஆனால் சோளகக் காற்று வீசும், மழை குறைவு, நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுமென்றால் யூலைக்குள் போய்விடுங்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை, வெள்ளம் வந்தால் வெளியே போக முடியாது. டெங்குக் காய்ச்சலும் அந்த மழையோடுதான் கூடும், ஜனவரி வரை நிற்கும். நத்தார் லீவில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். பிரித்தானியாவில் இருப்பவர்கள் பள்ளிக்கூட நாட்களில் பிள்ளையைக் கூட்டிப்போக முன் தண்டப் பணத்தையும் கணக்கில் எடுங்கள். 2024 ஆவணி முதல் இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்.

ரிக்கற் போடும்போது பிள்ளையின் பிறந்த தேதியைத் திரும்பி வரும் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துப் போகலாம். ஊரில் நிற்கும்போது இரண்டு வயது முடிந்தால், திரும்பி வரத் தனி இருக்கை எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தொட்டில் வேண்டுமென்றால் ரிக்கற் போட்ட அன்றே கேட்டு வையுங்கள், ஒரு விமானத்தில் ஒரு சிலதான் இருக்கும். கனடா, பிரித்தானியா இரண்டிலும் பிள்ளைகளின் கடவுச்சீட்டு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். நமக்குப் பத்து வருடம் என்பதால் பிள்ளையினுடையதையும் மறந்துவிடுகிறோம். இலங்கைக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். விசா விண்ணப்பத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, இலங்கை அரசின் தளத்திலேயே போடுங்கள். அதைப் போலவே தெரியும் வேறு தளங்கள் கூடுதல் பணம் எடுத்துவிடும்.

தாய் தனியாகப் பிள்ளைகளோடு போகும்போது நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளையின் குடும்பப் பெயர் அப்பாவின் பெயராக இருக்கும். தாயின் குடும்பப் பெயர் அவளுடைய அப்பாவின் பெயர். கடவுச்சீட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு இருவருக்கும் சம்பந்தம் இல்லாதது போலத் தெரியும். பிறப்புச் சான்றிதழின் பிரதியும், மற்றப் பெற்றோர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் அப்படியே வானில் ஏறி யாழ்ப்பாணம் போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இருபது மணி நேரப் பறப்புக்குப் பிறகு, இரவு முழுக்க விழித்திருந்த சாரதியோடு இன்னும் ஏழெட்டு மணி நேரம். பின்சீற்றில் பிள்ளை பட்டி இல்லாமல் மடியில் நித்திரை. இது தேவையே இல்லாத ஆபத்து. விமான நிலையத்துக்குக் கிட்டவே நீர்கொழும்பு இருக்கிறது. அங்கே ஒரு இரவு படுத்து, வெளிச்சத்தில் புறப்படுங்கள். புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக வந்தால் கொழும்புக்குள் போகத் தேவையில்லை. வான் பேசும்போதே பின்சீற்றில் பட்டி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பிள்ளையின் கார் சீற்றை இங்கிருந்து கொண்டுபோங்கள், பெரும்பாலான விமானங்களில் அதற்குத் தனிக் காசு எடுப்பதில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் வான் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பிள்ளைகளைப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கச்சான் தொண்டையில் சிக்கும், அதை நீங்களே சாப்பிடுங்கள்.

ரயிலில் போனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், எழுந்து நடக்கலாம். ஆனால் வடக்குப் பாதையில் திருத்த வேலைக்காகச் சேவையை நிறுத்துவது உண்டு. புறப்படும் கிழமையில் ஓடுகிறதா என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை வழியாக வருகிறவர்களுக்கு 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பலாலி நல்ல வசதி, ஒரு மணி நேரம் சொச்சம்தான். சின்ன விமானம் என்பதால் பொதி அளவு குறைவு. இரண்டு தனி ரிக்கற்றில் போய்ச் சென்னையில் பெட்டியை வெளியே எடுக்க வேண்டியிருந்தால், கைக்குழந்தை உட்பட எல்லோருக்கும் இந்திய விசா வேண்டும்.

வீட்டுக்குள் போனதும், பெட்டியைத் திறக்க முன், கிணற்றடிக்குப் போங்கள். யாழ்ப்பாணத்து வளவுகளில் பெரும்பாலும் கிணறு இருக்கும். கட்டு பல வீடுகளில் பெரியவர்களின் முழங்கால் உயரம்தான். பக்கத்தில் ஒரு வாளியோ கல்லோ இருந்தால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏறுவதற்கு அதுவே படி. அம்மா வீட்டுக் கிணற்றுக்கு நாங்கள் போக முன்னரே வெல்டிங் கடையில் சொல்லி இரும்புவலை மூடி செய்வித்தோம். இரண்டு நாளில் போட்டுத் தந்தார்கள். அந்த மூடி விழும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறியது. பக்கத்து வெறும் வளவுகளில், பற்றைக்குள் கட்டே இல்லாத பாழ்கிணறுகளும் இருக்கும், அந்தப் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம். போர் நடந்த இடங்களில், முகமாலைப் பக்கம் போல, எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கால் வைக்கக் கூடாது. நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் தொடக் கூடாது என்பதை நாலு வயதுப் பிள்ளைக்கும் சொல்லி வைக்கலாம்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இன்னொன்று. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், தோட்டங்களுக்குப் போடும் உரம் நேரே நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும். பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருக்கிறது. பெரியவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்றாலும், மாப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது கெடுதல். இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறைந்துவிடும். "நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம்" என்று அம்மம்மா சொல்வார். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே கைக்குழந்தையின் பாலுக்கு நல்ல போத்தல் தண்ணீர் வாங்கி, அதைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பாவியுங்கள். அம்மம்மாவின் மனம் நோகாமல், "டொக்டர் சொல்லி விட்டவர்" என்று சொன்னால் போதும்.

கனடா, அமெரிக்காவிலிருந்து போத்தல் சூடாக்கும் கருவி கொண்டுபோக வேண்டாம். இங்கே 120 வோல்ட், அங்கே 230. செருகியதும் எரிந்துவிடும். போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும், அதன் மேலேயே எழுதியிருக்கும்.

சாப்பாட்டில் உறைப்புத்தான் சிக்கல். கறிக்குத் தூள் போட முன் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அது முடியாத நாளில் இடியப்பமும் சொதியும் இருக்கிறதே! புட்டோடு வாழைப்பழம், வெள்ளைச் சோற்றோடு பருப்பு, செவ்விளநீர். என் மகன் இரண்டு கிழமை சொதியிலேயே வாழ்ந்தான், நிறையும் குறையவில்லை. வெளியில் விற்கும் ஐஸ் போட்ட சர்பத்தும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம். யாழ்ப்பாணத்து ஐஸ்கிரீம் கடைகளை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை, அங்கேயும் மூடிய கிண்ணத்தில் வருவதைத்தான் வாங்கினேன்.

நித்திரை குழம்பும். கோடையில் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். முதல் மூன்று நான்கு இரவுகள் பிள்ளைகள் ஒரு மணிக்கு எழும்பி விளையாடக் கேட்பார்கள். அந்த நாட்களில் எந்தப் பயணமும் வைக்காதீர்கள். காலையில் வெளிச்சத்தில் நிற்க விடுங்கள், பதினொரு மணி முதல் மூன்று மணி வரை உள்ளே வைத்திருங்கள். வேர்க்குருவுக்குப் பூச்சு மருந்து தேடத் தேவையில்லை, கிணற்றடியில் இரண்டு தரம் வார்த்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டை போட்டால் அடங்கிவிடும்.

அடுத்தது காய்ச்சல். இதை ஆறுதலாக வாசியுங்கள். இலங்கையில் மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிப்படுத்தியது. டெங்கு இருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், விடியற்காலையிலும் பொழுது சாய முன்னும் கூடுதலாக. ஆகவே இரவில் கட்டும் நுளம்பு வலை மட்டும் போதாது, பகல் நித்திரைக்கும் கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐகாரிடின் கலந்த நுளம்பு விரட்டும் பூச்சை இங்கிருந்தே வாங்கிப் போகலாம். முற்றத்தில் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் நிற்பதை எல்லாம் முதல் நாளே கவிழ்த்துவிடுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில். நாம் இங்கே பழகிய அட்வில், நியூரோபென் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது. டெங்கு என்றால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். இரண்டாம் பயணத்தில் மகனுக்கு 39 பாகை காய்ச்சல் வந்தபோது, பழக்கத்தில் என் கை அந்தப் போத்தலுக்குத்தான் போனது. கணவர் தடுத்தார். அடுத்த நாள் இரத்தப் பரிசோதனை, அதற்கடுத்த நாளும் பரிசோதனை, வெறும் வைரஸ் காய்ச்சலாகப் போய்விட்டது. காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, எங்காவது இரத்தம் கசிவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆசுப்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. கனடா திரும்பி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தாலும் இலங்கை போய் வந்ததை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

வயிற்றோட்டத்துக்கு எந்தப் பார்மசியிலும் 'ஜீவனி' (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை) என்று கேட்டால் தருவார்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசிகளுக்கு, புறப்பட ஆறு எட்டுக் கிழமைக்கு முன்னரே பிள்ளைகளின் டொக்டரைப் பாருங்கள்.

ஊர் சுற்றுவதற்கு ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். பின்னேரம் யாழ் கோட்டை மதிலில் காற்று வாங்கலாம். காரைநகர் கசூரினாவில் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் போகும், ஆனாலும் கையை விடாதீர்கள். நயினாதீவுக்கு குறிகட்டுவானிலிருந்து படகில் கால் மணி நேரம் அளவுதான். நெடுந்தீவு ஒரு மணி நேரம், ஐந்து வயதுக்குள் என்றால் அடுத்த முறைக்கு விடலாம் என்பது என் எண்ணம். பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை படகில் கிடைக்காமல் போகலாம், அளவான ஒன்றைப் பெட்டியில் வையுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். தேரன்று தள்ளுவண்டியோடு போக முடியாது, சனம் அவ்வளவு. முதல் கிழமையில் ஒரு பின்னேரம் போனால் வெள்ளை மணலில் பிள்ளைகள் இருந்து விளையாடலாம், விளையாட்டுச் சாமான் கடைகளும் திறந்திருக்கும். உங்கள் ஊர்ப் போன் இலக்கத்தைப் பிள்ளையின் கையில் பேனையால் எழுதிவிடுங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பதைச் சின்ன மகன்மாருக்கு வீட்டிலேயே சொல்லி வையுங்கள், எங்கள் பிள்ளை வாசலில் நின்று அழுதான்.

திரும்பி வந்த பிறகு போன் எடுக்க ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே பின்னேரம் நாலரை, அம்மம்மா கோழிகளுக்குத் தீன் போடும் நேரம். மகள் கோன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டபடி, "வெள்ளைக் கோழி முட்டை இட்டதோ?" என்று கேட்பாள். அம்மம்மா போனைக் கூட்டுக்குள் நீட்டிக் காட்டுவார்.